பாட்டும் பேச்சுதான், தோழர்களே

‘பாட்டு போதும், தலைவர் வந்துட்டாரு.’ நம்முடைய மேடைகளில் எத்தனை வருஷமாக இந்த வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்! ஏப்ரல் 14 ஆகட்டும், டிசம்பர் 6 ஆகட்டும், வீரவணக்கக் கூட்டம், கண்டனக் கூட்டம் எதுவாகவும் இருக்கட்டும், நடைமுறை ஒன்றுதான். சாயங்காலம் ஆறு மணிக்குப் பறையும் பாட்டும் ஆரம்பிக்கும். சனம் சேரும். சின்னப் பிள்ளைகள் மேடைக்கு முன்னால் ஆடும். கார் வந்து நின்றதும் பாடிக்கொண்டிருப்பவன் கையிலிருந்து மைக் பறிபோகும். அதற்கப்புறம் நடப்பதற்குப் பெயர் அரசியல். அதுவரை நடந்ததற்குப் பெயர் கலை நிகழ்ச்சி. இந்தப் பிரிவினையைச் செய்தது யார்? பேசுகிறவன் மேலே, பாடுகிறவன் கீழே என்கிற படிநிலையை நாம் எங்கிருந்து வாங்கினோம்? சாதியை ஒழிக்கப் போட்ட மேடையிலேயே பேச்சுக்கு ஒரு சாதி, பாட்டுக்கு ஒரு சாதி என்று வைத்திருக்கிறோம். இதைத்தான் இந்தக் கட்டுரையில் கேள்விக்கு உட்படுத்த விரும்புகிறேன்.

அதற்கு நான் எடுத்துக்கொள்வது ஒரு இசைத்தொகுப்பு. அரக்கோணத்துக்காரரான அறிவும், ஆஃப்ரோ என்ற பெயரில் இசையமைப்பவரும் சேர்ந்து 2019-ல் கொண்டுவந்த ‘தெருக்குரல்’. இருவரும் சேர்ந்து செய்த முதல் தொகுப்பு அது. ஒருவர் எழுதிப் பாடுகிறார், இன்னொருவர் தாளமும் இசையும் கட்டுகிறார். ஹிப்ஹாப் என்கிற வடிவத்துக்கு அடிப்படையான ஏற்பாடே இந்த இரண்டு ஆள் கூட்டுதான். இதில் சினிமாக் கதாநாயகன் இல்லை, காதல் டூயட் இல்லை. ‘ஆன்டி இண்டியன்’ என்று ஒரு பாட்டுக்குத் தலைப்பு. எதிர்த்துப் பேசுகிறவனையெல்லாம் ஆளுங்கட்சிக்காரர்கள் திட்டப் பயன்படுத்திய வசைச் சொல்லையே எடுத்துத் தலைப்பாக வைத்திருக்கிறார்கள். நாடாளுமன்றத் தேர்தல் வருஷத்தில் ‘கள்ளமௌனி’ என்று ஒரு பாட்டு. 2018 மே 22-ல் தூத்துக்குடியில் போலீஸ் சுட்டு 13 பேர் செத்தார்களே, அதில் குண்டடிபட்டுச் செத்த இளம்பெண் ஸ்னோலின், அந்தப் பெயரில் ஒரு பாட்டு. தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படித்தாலே ஒரு கண்டனக் கூட்டத்து நோட்டீஸ் மாதிரி இருக்கும்.

தொகுப்பின் பெயரையும் கவனிக்க வேண்டும். ‘திருக்குறள்’ என்பதில் மூன்று எழுத்தை மாற்றினால் ‘தெருக்குரல்’. தமிழ்ப் பெருமை பேசுகிறவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிற ‘திரு’ போய் அந்த இடத்தில் தெரு வந்து உட்கார்ந்துகொள்கிறது. வெறும் சொல் விளையாட்டு என்று இதை ஒதுக்க முடியாது. திருக்குறள் முதன்முதலாக அச்சேறியது 1812-ல். ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்த தன்னுடைய பாட்டன் கந்தப்பன், வீட்டில் வைத்திருந்த குறள் ஓலைச்சுவடியைக் கொடுத்து, அது எல்லிஸ் துரை கைக்குப் போனது என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதி வைத்திருக்கிறார். எந்தக் குறள் பதிப்பின் அட்டையிலாவது கந்தப்பன் பெயர் உண்டா? சுவடியைக் காப்பாற்றிக் கொடுத்தவன் பட்லர். அச்சுப் போட்டவன், உரை எழுதியவன், மாநாடு போட்டவன் எல்லாரும் புலவர்கள். இந்தக் கணக்கு தெரிந்தவர்களுக்கு ‘தெருக்குரல்’ என்ற பெயர் வேறு மாதிரிதான் காதில் விழும்.

தமிழ் ஹிப்ஹாப்பில் மூன்று முதல் தொகுப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2006-ல் மலேசியாவிலிருந்து யோகி பி, நட்சத்திரா குழுவின் ‘வல்லவன்’ வந்தது. 1980-ல் வந்த ‘நிழல்கள்’ படத்துக்காக இளையராஜா போட்ட ‘மடை திறந்து’ பாட்டின் மேல் ராப் வைத்து உலகத் தமிழரையெல்லாம் கேட்க வைத்தார்கள். ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேற்றப்பட்டவர்களின் வாரிசுகள் வாழும் மண்ணிலிருந்து அந்த வடிவம் நமக்கு வந்தது. அப்படிக் கப்பலேறிய கூட்டத்தில் பெரும்பகுதி சேரி சனம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். 2012-ல் ஹிப்ஹாப் தமிழா குழுவின் ‘ஹிப் ஹாப் தமிழன்’ வந்தது. தமிழ்நாட்டுக்குள்ளேயே செய்யப்பட்ட முதல் ஹிப்ஹாப் தொகுப்பு என்று அதைச் சொல்கிறார்கள். ராப்பைத் தமிழ்நாட்டுப் பையன்கள் வாயில் சரளமாக்கியதில் அந்தக் குழுவுக்குப் பெரிய பங்கு உண்டு, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் ‘தமிழன்’ யார்? மொழி உண்டு, வீரம் உண்டு, பழம்பெருமை உண்டு. சாதி மட்டும் கிடையாது. பெண்கள் குடிப்பதைக் கண்டிக்கிற பாட்டுத்தான் அந்தக் குழுவை ஊரறியச் செய்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் சல்லிக்கட்டுப் போராட்டம் சூடேறியபோது, கூட்டத்தில் தேசவிரோதக் குரல்கள் கேட்கின்றன என்று வருத்தப்பட்டு ஆதி விலகிக்கொண்டார். இரண்டு வருஷம் கழித்து ‘ஆன்டி இண்டியன்’ என்று தலைப்பே வைத்து ஒரு ராப் வருகிறது. இரண்டு தொகுப்புகளுக்கும் இடையிலான தூரம் இதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘தமிழன்’ என்ற சொல்லை நவீன காலத்தில் ஒரு பத்திரிகையின் தலைப்பாக வைத்தவர் அயோத்திதாசர்தான். 1907 ஜூன் 19-ல் ‘ஒரு பைசாத் தமிழன்’ ராயப்பேட்டையிலிருந்து வெளிவந்தது. அடுத்த வருஷத்திலிருந்து ‘தமிழன்’. கூலிக்காரனும் வாங்கிப் படிக்கிற விலையில் ஒரு பைசாவுக்குப் பேப்பர் போட்டார். சாதிபேதமற்றவனே தமிழன் என்பது அவர் வாதம். பூர்வ தமிழர்களான நம்மைச் சாதிபேதமற்ற திராவிடர் என்று பதியச் சொன்னவர் அவர். இன்றைக்குச் சாதியைப் பேசாமல் தமிழன் என்று மார் தட்டுகிறவர்கள், சாதியை மறுத்தவனே தமிழன் என்று சொன்னவரின் சொல்லைத்தான் கையில் எடுத்துக்கொண்டு அலைகிறார்கள். அவர் சொன்ன அந்த ‘சாதிபேதமற்ற’ என்கிற அடைமொழியிலிருந்துதான் 2017-ல் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து தொடங்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ பெயர் வந்தது. 2018 ஜனவரி 6-ல் கீழ்ப்பாக்கத்தில் அவர்களுடைய முதல் மேடை. சாவு வீட்டுக் கானாக்காரர்களும் ராக் வாசிக்கிறவர்களும் ராப் பாடுகிறவர்களும் ஒரே மாதிரி கோட்டு சூட்டுப் போட்டு ஏறினார்கள். அந்த மேடையில்தான் அறிவைப் பலரும் முதலில் கேட்டார்கள். ஆக ‘தெருக்குரல்’ திடீரென்று முளைத்த ஒன்று இல்லை. அதற்கு நூறு வருஷத்துக்கு மேலான வேர் இருக்கிறது.

‘ராப் அமெரிக்கச் சரக்கு தோழர். நம்மகிட்ட பறை இருக்கு, ஒப்பாரி இருக்கு, கானா இருக்கு, இது எதுக்கு?’ என்று கேட்கிற தோழர்கள் உண்டு. நல்ல கேள்விதான். ஆனால் அந்தச் சரக்கு எங்கே தயாரானது என்று பார்க்க வேண்டாமா? 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க் நகரத்தின் பிராங்ஸ் பகுதி, செட்ஜ்விக் அவென்யூ 1520-ம் எண் குடியிருப்பு. ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பையன் கூல் ஹெர்க், தங்கச்சி நடத்திய விருந்துக்கு ரிக்கார்டு போட்டான். ஹிப்ஹாப்பின் பிறந்த நாளாக அதைத்தான் சொல்கிறார்கள். நடுவே அதிவேகச் சாலை போட்டுக் கறுப்பர்களும் போர்ட்டோரிக்கர்களும் குடியிருந்த பகுதிகளைப் பிளந்து, மிச்சமிருந்த கட்டிடங்களைக் கவனிப்பாரில்லாமல் எரியவிட்ட ஊர் அது. கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் லாரியில் ஏற்றி அனுப்பப்பட்ட நம் சனத்துக்கு அந்தக் கதை அந்நியமா? 1972-ல் பம்பாயில் நாம்தேவ் தசாலும் ராஜா டாலேயும் ஜே.வி. பவாரும் தலித் பேந்தர்ஸ் என்று பெயர் வைத்தபோது அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து தானே எடுத்தார்கள்? அப்போது யாரும் சரக்கு எங்கே செய்தது என்று லேபிளைத் திருப்பிப் பார்க்கவில்லை.

அங்கே ‘ஸ்ட்ரீட்’ என்கிற சொல்லுக்கு ஒரு அர்த்தம், இங்கே ‘தெரு’வுக்கு வேறு அர்த்தம் என்பதையும் சேர்த்தே பேசியாக வேண்டும். நமக்குத் தெருவே போராடி வாங்கியது. பொதுச்சாலையிலும் பொதுக்கிணற்றிலும் எல்லா வகுப்பாருக்கும் உரிமை உண்டு என்று 1924-ல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. இன்றைக்கும் ஊர்த்தெருவில் செருப்பு போட்டு நடந்ததற்கு, பைக் ஓட்டியதற்கு, சவம் தூக்கிப் போனதற்கு அடி விழுந்த செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. அதனால் ‘தெருக்குரல்’ என்று நம் ஆள் ஒருவன் பெயர் வைக்கிறபோது, வீட்டுக்கு வெளியே வந்து கத்துகிற குரல் என்று மட்டும் அதைப் புரிந்துகொள்ளக் கூடாது. நடக்கக்கூடாது என்று சொல்லப்பட்ட இடத்தில் நின்றுகொண்டு பேசுகிற குரல் அது.

பறை பற்றிய விவாதத்தையும் இங்கே இழுத்துத்தான் ஆக வேண்டும். சாவுக்குப் பறையடிக்க மாட்டோம், செத்த மாடு தூக்க மாட்டோம் என்று இளையபெருமாள் காலத்தில் தென்னாற்காடு பக்கம் போராடினார்கள். அவர்களுக்குப் பறை என்றால் இழிவைச் சுமத்திய கருவி. தொண்ணூறுகளில் மதுரை தலித் கலைவிழாக்கள் வந்தபோது, அதே பறையை விடுதலையின் கருவி என்று கையில் எடுத்தோம். இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’வை கே.ஏ. குணசேகரன் ஊர் ஊராகப் பாடிக்கொண்டு போனார். மதுரை இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு, நம்முடைய பரட்டை அய்யா, நாட்டுப்புற மெட்டில் பாட்டுக் கட்டி, கேசட்டு போட்டு சனத்திடம் கொண்டுபோனார். விடுவதா, எடுப்பதா என்ற இந்த விவாதம் இன்னும் முடியவில்லை. முடியவும் வேண்டாம்.

நான் இருக்கிற பொழிச்சலூர் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த விவாதத்துக்கு இன்னொரு பக்கமும் தெரிகிறது. பம்மல், நாகல்கேணி, குரோம்பேட்டை எல்லாம் தோல் ஷாப்புகளோடு வளர்ந்த ஊர்கள். குரோம்பேட்டை என்ற பேரே குரோம் லெதர் கம்பெனியால் வந்ததுதான். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த எத்தனையோ குடும்பங்கள் சுண்ணாம்புத் தொட்டியிலும் குரோமியத் தண்ணியிலும் நின்று தோலை உரித்து, ஊறப்போட்டு, பதப்படுத்தி, கையும் காலும் வெந்துதான் பிள்ளைகளை வளர்த்தார்கள். எங்கள் வீடும் அதில் ஒன்று. அந்த வீட்டுப் பையன்கள் இன்றைக்குத் தோலே இல்லாமல் தாளம் போடுகிறார்கள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய ஸ்பீக்கர், பழைய மைக், விலை பேசி வாங்கி வருகிறார்கள். ஒரு பழைய லேப்டாப்பில் தாளத்தைக் கட்டுகிறார்கள். எங்களுக்குத் தலைக்கு மேலேதான் மீனம்பாக்கத்து விமானப் பாதை. வீட்டு ஜன்னலுக்குப் போர்வையை மாட்டி ராத்திரி ரெக்கார்டு பண்ணும்போது விமானம் கடக்கும். ‘அய்யோ, மறுபடி மொதல்லருந்துடா’ என்று சிரிப்பார்கள். பறையை எடுக்கிறவன் எடுக்கட்டும், விடுகிறவன் விடட்டும். யாருடைய தொழிலோடும் ஒட்டவைக்க முடியாத ஒரு தாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்திருக்கிற ஒரு தலைமுறையும் இங்கே இருக்கிறது. அவர்களிடம் ஏன் ராப் என்று கேட்டேன். ‘மத்த பாட்டுல பாடணும்ணா. இதுல பேசலாம்’ என்றான் ஒருத்தன்.

அவன் சொன்னது வடிவத்தைப் பற்றிய சரியான அவதானிப்பு. சினிமாப் பாட்டில் ஒரு பல்லவி, இரண்டு சரணம், பல்லவி திரும்பத் திரும்ப வரும். மெட்டு கேட்கிற இடத்தில்தான் சொல் உட்கார முடியும். ராப்பில் அதே நேரத்துக்குள் பல மடங்கு சொற்கள் போகும். ஊர்ப் பெயர், ஆள் பெயர், தேதி, சட்டம், கேள்வி, பதில், நக்கல், திட்டு எல்லாம் போகும். அதாவது ஒரு மேடைப் பேச்சில் போகிற எல்லாமே. கானாவில் அடுக்கிக்கொண்டே போகிற அந்த வேகமும் ஒப்பாரியில் செத்தவன் கதையை வரிசையாகச் சொல்லி அழுகிற அந்த முறையும் இதற்குப் பக்கத்து வீடு. ‘தெருக்குரல்’ மாதிரி ஒரு முழுத் தொகுப்பு வரும்போது அந்தப் பேச்சு ஒரு பாட்டோடு நின்றுபோவதில்லை. ஒரு பாட்டில் எழுப்பின கேள்விக்கு அடுத்த பாட்டில் ஆதாரம், அதற்கடுத்ததில் கோபம் என்று ஒரு வாதத்தைக் கட்டிக்கொண்டு போகலாம். தனிப்பாட்டு ஒரு சுவரொட்டி என்றால் தொகுப்பு ஒரு சிறுநூல். நாம் சிறுநூல் போட்டால் விமர்சனக் கூட்டம் வைக்கிறோம். தொகுப்பு வந்தால் ரிங்டோன் வைக்கிறோம்.

பாட்டு என்பது பேச்சுதான் என்று அரசாங்கத்துக்கு நன்றாகவே தெரியும். 1988-ல் காம்ப்டன் பையன்கள் என்.டபிள்யு.ஏ. குழுவாகப் போலீசைத் திட்டிப் பாடினார்கள். அடுத்த வருஷமே அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறை ரிக்கார்டு கம்பெனிக்குக் கடிதம் போட்டது. 2015 அக்டோபரில் டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடியதற்காக மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் கோவனை ராத்திரியோடு ராத்திரியாகப் பிடித்துப்போய் ராஜத்துரோக வழக்குப் போட்டது தமிழ்நாடு போலீஸ். புனேயின் கபீர் கலா மஞ்ச் தோழர்கள் பாடியதற்காகத் தலைமறைவாகவும் சிறையிலும் கழித்த வருஷங்களை நாம் அறிவோம். 1997 ஜூலை 11-ல் மும்பை ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டதைக் கண்டித்த சனத்தைப் போலீஸ் சுட்டு 10 பேர் செத்தபோது, அதைத் தாங்க முடியாமல் சில நாட்களில் உயிரை விட்டவர் மக்கள் பாடகர் விலாஸ் கோக்ரே. பாட்டைப் பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தால் போலீஸ் எதற்கு வழக்குப் போட வேண்டும், பாடகன் எதற்குச் சாக வேண்டும்? பாட்டின் அரசியல் ஆட்சியாளனுக்குப் புரிகிறது. நம் கூட்டத்து ஒருங்கிணைப்பாளருக்கு மட்டும் அது கலை நிகழ்ச்சி.

எங்கள் பக்கத்தில் ஒரு ஏப்ரல் 14 கூட்டம். எந்த அமைப்பு என்று சொல்ல வேண்டியதில்லை, எல்லா அமைப்புக்கும் பொருந்தும். நான் மேலே சொன்ன பையன்கள் மூன்று பாட்டு தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தார்கள். முதல் பாட்டு அண்ணலைப் பற்றி. இரண்டாவது தோல் ஷாப்புத் தண்ணி இறங்கின கிணறுகளைப் பற்றி. மூன்றாவது, 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு கரையோரத்து வீடுகள் போனதையும், அதற்கப்புறம் யாருக்குப் பட்டா கிடைத்தது யாருக்கு ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் கிடைத்தது என்பதையும் பற்றி. மூன்றாவது பாட்டின் பாதியில் கார் வந்தது. மைக்கை வாங்கிக்கொண்டார்கள். சிறப்புரை ஐம்பது நிமிஷம். டெல்லி இருந்தது, கூட்டணி இருந்தது, எத்தனை சீட்டு என்பதும் இருந்தது. பொழிச்சலூரும் பம்மலும் அனகாபுத்தூரும் இல்லை. கூட்டம் முடிந்து ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் கேட்டான்: ‘ஏண்ணா, நாங்க பேசுனது பேச்சு இல்லியா?’ அன்றைக்கு மேடையில் இந்த ஊரைப் பற்றிப் பேசியவர்கள் அவர்கள் மட்டும்தான்.

அந்தக் கூட்டத்து நோட்டீஸை எடுத்துப் பார்த்தேன். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, சிறப்புரை, கண்டன உரை, நன்றியுரை எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது. ஒலி ஒளி அமைப்புக்கும் பெயர் இருந்தது. கலை நிகழ்ச்சிக்கு மட்டும் பெயர் இல்லை. ‘மாலை 6 மணி: கலை நிகழ்ச்சி’, அவ்வளவுதான். பட்லர் கந்தப்பனுக்கு நடந்தது இந்த நோட்டீஸிலும் நடந்திருக்கிறது.

இந்தப் பெயர் விஷயத்தைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 1979-ல் அமெரிக்காவில் ராப்பை வீட்டுக்கு வீடு கொண்டுபோன முதல் பெரிய ரிக்கார்டு ஷுகர்ஹில் கேங் குழுவுடையது. அதில் ஒருவன் பாடிய வரிகள் பிராங்ஸ் தெருவில் பாடிக்கொண்டிருந்த கிராண்ட்மாஸ்டர் காஸ் எழுதியவை. நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தவனுக்குப் பெயரும் இல்லை, காசும் இல்லை. தெருவில் பிறந்த இசை சந்தைக்கு வந்த முதல் அடியிலேயே இது நடந்தது. இங்கே கானாவின் கதையும் இதேதான். விடிய விடியச் சாவு வீட்டில் பாடியவன் கட்டிய மெட்டு சினிமாவுக்குப் போய்ச் சேரும்போது அவன் பெயர் வழியிலேயே தொலைந்துபோகும். 2006-ல் கானா உலகநாதன் மாதிரி ஒருவர் திரையிலேயே தோன்றிப் பாடினால், அது அபூர்வம் என்பதால்தான் நமக்கு ஞாபகம் இருக்கிறது.

அறிவுக்கே இது நடந்தது. 2021 மார்ச்சில் ‘என்ஜாயி எஞ்சாமி’ வந்தது. எழுதியவரும் பாடியவர்களில் ஒருவரும் அவர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் கதை அதில் இருக்கிறது. அதே வருஷம் ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டையில் அந்தப் பாட்டோடு தொடர்புடைய இன்னொருவர் முகம் இருந்தது, அறிவு முகம் இல்லை. பா.இரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகுதான் விவாதம் எழுந்தது, அவருக்கும் ஒரு இணைய அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமலேயே அந்தப் பாட்டு பாடப்பட்டது. மெட்டு யாருடையது, உழைப்பு யாருடையது என்று அதில் தகராறுகள் உண்டு. யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானமே வந்து சேரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனே 2024-ல் சொன்னார். கோடிக்கணக்கானவர்கள் கேட்ட பாட்டுக்கே இந்த நிலைமை. அட்டைப்படம் போடுகிறவனைக் கேட்கிற நமக்கு, நம் நோட்டீஸில் பெயர் போடத் தெரிய வேண்டாமா? அட்டையில் விட்டது ஒதுக்கல் என்றால் நோட்டீஸில் விட்டதற்குப் பெயர் என்ன?

இந்த இடத்தில்தான் ‘தெருக்குரல்’ மாதிரி முதல் தொகுப்பின் முக்கியத்துவம் வருகிறது. சினிமா வாய்ப்புக்கான விசிட்டிங் கார்டாக அதைச் செய்யவில்லை. இது நாங்கள் எழுதியது, நாங்கள் இசைத்தது, இது எங்கள் பெயர் என்று இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறார்கள். பிறகு அறிவு சினிமாவுக்கும் எழுதினார், பாடினார். எழுதட்டும், வயிறு இருக்கிறது. ஆனால் அவர் திரும்பத் திரும்பத் தொகுப்புக்கே வருகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். 2023-ல் ‘தி அம்பாசா’ என்று தனிக் குழு. 2024-ல் பாட்டி பெயரிலேயே ‘வள்ளியம்மா பேராண்டி’. தெருவில் தொடங்கியதைச் சந்தை விழுங்கிவிடும் என்று கையைப் பிசைகிறவர்கள் இந்தத் தொடர்ச்சியைக் கணக்கில் எடுக்க வேண்டும். சிறுபத்திரிகை நடத்துகிறவனுக்கு இது புரியும். நாமும் நூறு சந்தா, இருநூறு சந்தாவில் பெயரைக் காப்பாற்றிக்கொண்டுதானே இருக்கிறோம்?

விமர்சிக்க ஒன்றும் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. பாட்டைப் பேச்சாக மதிப்பது என்றால் பேச்சைப் போலவே அதோடு சண்டையும் போட வேண்டும். தமிழ் ராப் மேடை இன்னும் பெரும்பாலும் ஆம்பளைங்க மேடையாகவே இருக்கிறது. ஒப்பாரி பெண்கள் கட்டிய கலை. அதன் மெட்டையும் சோகத்தையும் எடுத்துக்கொண்டு மைக்கை மட்டும் ஆண் பிடித்துக்கொண்டால் நாம் எதை மாற்றினோம்? கேஸ்ட்லெஸ் கலெக்டிவில் இசைவாணி கானா பாட ஏறியபோது, கானா ஆம்பளைப் பாட்டு என்று சொல்லி வைத்திருந்தது உடைந்தது. 2020-ல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. சபரிமலைப் பாட்டுக்காக 2024-ல் அவருக்கு வந்த மிரட்டல்களையும் பார்த்தோம். அப்போது நம் அமைப்புகளில் எத்தனை பேர் தெருவுக்கு வந்தார்கள் என்று அவரவர் மனசுக்குள் எண்ணிக்கொள்ளலாம். பாட்டிமார் கதையைப் பேரன்கள் பாடுவது நல்லதுதான். பேத்திகள் எப்போது பாடப் போகிறார்கள் என்ற கேள்வியைப் பொழிச்சலூர்ப் பையன்களிடமும் கேட்டிருக்கிறேன், இங்கேயும் கேட்கிறேன்.

மாணவத் தோழர்களுக்கும் களத்தில் நிற்கும் தோழர்களுக்கும் நான் சொல்ல வருவது நாலே விஷயம். முதலாவது, ஆதிதிராவிடர் நல விடுதிகளில் ஒரு சனிக்கிழமை ராத்திரி ‘தெருக்குரல்’ தொகுப்பை முதலிலிருந்து கடைசிவரை, நடுவில் செல்போனை நோண்டாமல், சேர்ந்து உட்கார்ந்து கேளுங்கள். கேட்டு முடித்ததும் புத்தக விமர்சனக் கூட்டம் மாதிரியே ஒருத்தர் ஆதரித்தும் ஒருத்தர் மறுத்தும் பேசுங்கள். இரண்டாவது, உங்கள் பகுதியில் எழுதிப் பாடுகிற பிள்ளைகளின் பாட்டைக் கேட்டு வாங்கி, எழுதியவர் பெயர், இசைத்தவர் பெயர், ஊர், தேதியோடு நம் பத்திரிகைகளுக்கு அனுப்புங்கள். பக்கம் ஒதுக்கச் சொல்லி நான் ஆசிரியர் குழுவிடம் சண்டை போடுகிறேன். மூன்றாவது, பாடுகிறவர்களுக்குப் பஸ் காசும் பரோட்டாவும் மட்டும் போதும் என்ற பழக்கம் ஒழிய வேண்டும். ஃபிளெக்ஸுக்குக் காசு இருக்கிறது, பட்டாசுக்குக் காசு இருக்கிறது என்றால் பாட்டுக்கும் இருக்கிறது.

நாலாவது, வரப்போகிற டிசம்பர் 6 கூட்டத்து நோட்டீஸை இப்போதே மாற்றி எழுதுங்கள். ‘கலை நிகழ்ச்சி’ என்ற வரியை அடித்துவிட்டு, ‘உரை’ என்ற தலைப்புக்குக் கீழே பாடுகிறவர்கள் பெயரையும் பேசுகிறவர்கள் பெயரையும் ஒரே அளவு எழுத்தில் போடுங்கள். யாருக்கு எத்தனை நிமிஷம் என்பதையும் எழுதுங்கள். தலைவர் சீக்கிரம் வந்துவிட்டால் அவருக்கும் முன்வரிசையில் ஒரு நாற்காலி போடுங்கள். உட்கார்ந்து கேட்கட்டும்.